14 ஹோமர் புறாக் குஞ்சுகளைத் திண்டிவனத்தில் விட்டேன், 5 தான் திரும்பின. எங்கே தப்பு செய்தேன்?

மஞ்சக்குப்பம் மாடி:

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டு மாடியில் இரண்டு வருடமாக ஹோமர், அதாவது தூரத்தில் விட்டால் வீடு திரும்புகிற பந்தயப் புறா வளர்க்கிறேன். பள்ளிக்கூட வயதில் கர்ணம் அடிக்கிற புறா வைத்திருந்தேன், அதெல்லாம் மாடிக்கு மேலேயே சுற்றிவிட்டு இறங்கிவிடும், தூரம் கொண்டுபோய் விட்டுப் பழக்கும் வேலை கிடையாது. அதனால் ஹோமர் விஷயத்தில் நான் புதுசுதான். நாலு ஜோடி வாங்கினேன், ஜோடி ஆறாயிரம் ரூபாய். விற்றவர் பெல்ஜியம் ரத்தம் என்று சொல்லி அப்பன் பாட்டன் பேரெல்லாம் போட்ட ஒரு பேப்பரும் கொடுத்தார்.

ஆவணி புரட்டாசியில் இரண்டு ஈடு (இரண்டு தடவை முட்டையிட்டுப் பொரித்த) குஞ்சு எடுத்தேன், 14 தேறியது. அதற்கப்புறம் மழை பிடித்துக்கொண்டது. நம் பக்கம் ஐப்பசி கார்த்திகை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், சாரல் அடித்துக் குஞ்சுக்குச் சளி பிடித்துவிடுமோ என்ற பயத்தில் கூண்டுக்கு நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டி இரண்டு மாதத்துக்கு மேல் உள்ளேயே வைத்துவிட்டேன். மார்கழி கடைசியில் திறந்துவிட்டேன். மாடியைச் சுற்றிப் பறந்தன, நன்றாகத்தான் இறங்கின.

பொங்கல் முடிந்து ஒரு வாரத்தில் டாஸ், அதாவது வெளியூர் கொண்டுபோய் விட்டுப் பழக்குவது, ஆரம்பித்தேன். முதலில் ரெட்டிச்சாவடி, பத்து கிலோமீட்டர் பக்கம், அரை மணி நேரத்தில் எல்லாம் வந்துவிட்டன. அடுத்தது பாண்டிச்சேரி, 20 கிலோமீட்டர். அதிலும் 14-ம் வந்தன, இரண்டு மட்டும் பொழுது சாயும்போது வந்தன. சரி பழகிவிட்டது என்று நினைத்தேன். மூன்றாவதாக, நண்பர் வேனில் திண்டிவனம் போகிறார் என்றதும் கூடையில் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவர் போய்ச் சேர்ந்து விடும்போது மதியம் இரண்டரை, வானம் மூட்டமாக இருந்ததாம்.

அன்றைக்கு இருட்டுவதற்குள் இரண்டு வந்தன. மறுநாள் காலை இரண்டு. நாலாம் நாள் ஒன்று, நெஞ்சில் கிழிந்த காயத்தோடு, வாலில் பாதி இறகு இல்லாமல். அவ்வளவுதான். இன்றோடு எட்டு நாள் ஆகிறது. என் மகள் சாயங்காலம் ஆனால் மாடிக்குப் போய் எண்ணிவிட்டு வருகிறாள், அவளுக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

ரத்தம் சரியில்லையா? கடற்கரை ஊரில் ஹோமர் ஒத்துவராதா? இருக்கிற ஐந்தையும் யாருக்காவது கொடுத்துவிட்டு நிறுத்திவிடலாமா என்று கூட யோசிக்கிறேன்.

முதுநகர் பழைய கூண்டு:

தம்பி, படிக்கவே கஷ்டமாக இருந்தது. எனக்கும் ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு போன வருடங்கள் உண்டு, அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்காது. ஆனால் ரத்தத்தின் மேல் பழி போடாதீர்கள். 20 கிலோமீட்டரிலிருந்து நேராக 55-க்குத் தாவியிருக்கிறீர்கள். நான் 10, 20, 30, 40 என்று ஒவ்வொரு இடத்திலும் இரண்டு தடவை விட்ட பிறகுதான் திண்டிவனத்துக்கே போவேன், ஒரு தடவை சுணங்கி வந்தால் அதே இடத்தில் மூன்றாவது தடவை. பாண்டியில் இரண்டு குஞ்சு சாயங்காலம் வந்ததே, அது உங்களுக்குச் சொன்ன சேதி. இருபது கிலோமீட்டரை அரை மணியில் முடிக்க வேண்டியது, நாள் முழுக்க எங்கோ அலைந்திருக்கிறது.

அப்புறம் அந்த இரண்டரை மணி. நம் கரையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே ஏறும். கிழக்கிலிருந்து தள்ளும் காற்றில் தெற்கே போகிற குஞ்சு தெரியாமலேயே மேற்கே ஒதுங்கும். பெரிய புறா சமாளித்துத் திரும்பும். குஞ்சு விழுப்புரம், விக்கிரவாண்டி பக்கம் போய் ஏதாவது ஊர்ப்புறாக் கூட்டத்தோடு இறங்கிவிடும். தை மாதம் ஆறு மணிக்கே பொழுது போய்விடுகிறது. விட்டதும் ஒரு மணி நேரம் திசை தெரியாமல் சுற்றினால் மிச்சம் எவ்வளவு நேரம்? காலை ஏழு, ஏழரைக்கு வெயில் தெளிவாக வந்த பிறகு விடுங்கள். மூட்டமாக இருந்தால் கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வாருங்கள், வேன் வாடகை போனால் போகிறது.

கடற்கரை ஊரில் ஒத்துவராதா என்று கேட்டீர்கள். 2011 டிசம்பர் 30 ‘தானே’ புயல் அன்று என் கூண்டு தகரத்தோடு பறந்துவிட்டது. முதல் நாள் சாயங்காலமே ஜோடிப் புறாக்களை எல்லாம் கூடைகளில் போட்டு சமையலறைக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டேன். பறக்கவிடுகிறவை நாற்பது, அதற்கு வீட்டுக்குள் இடம் இல்லை, மேலேயே விட்டேன். விடிந்து மாடிக்கு ஏறிப் பார்த்தால் நாலு செங்கல் வரிசை மட்டும் நிற்கிறது. ஊரே அடையாளம் தெரியவில்லை, பண்ருட்டி வரைக்கும் முந்திரியும் பலாவும் படுத்துக் கிடந்தன, எங்கள் தெருவில் இருந்த இரண்டு பெரிய மரமும் வேரோடு போயிருந்தது. மூன்றாம் நாளிலிருந்து ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. கூண்டு இல்லை, மரம் இல்லை, பக்கத்து வீட்டு ஓடு இல்லை, ஆனாலும் கூண்டு இருந்த அதே இடத்தில், அந்த உடைந்த சுவர் மேல் வந்து உட்கார்ந்தன. மொத்தம் பதினேழு. அதில் ஒரு பெட்டையின் பேரன் பேத்திகள்தான் இன்றைக்கும் என்னிடம் இருக்கின்றன. அதனால் ஒத்துவராது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நெல்லித்தோப்புப் பெண்:

அண்ணா, நான் பாண்டிச்சேரியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் அப்பா வளர்த்தார், இப்போது கூண்டு என் பொறுப்பு. டாஸ் பற்றி ஐயா சொல்லிவிட்டார், நான் ஜோடி பற்றிச் சொல்கிறேன்.

ஆவணி புரட்டாசி என்பது பெரிய புறாக்கள் இறகு உதிர்த்து முளைக்கவைக்கிற காலம். இறக்கைக்குப் பத்துப் பெரிய இறகு, ஒவ்வொன்றாக விழுந்து முளைக்கும், உடம்பு இறகும் கொட்டும். அந்த நேரத்தில் முட்டையும் இட்டுக் குஞ்சுக்கும் ஊட்டச் சொன்னால் எதற்கென்று சத்துச் சேரும்? அதிலும் இரண்டு ஈடு. குஞ்சுக்கு முதல் வாரம் தாய் தகப்பன் இரண்டுமே தொண்டைப்பையில் சுரக்கிற பாலைத்தான் கக்கி ஊட்டுகின்றன, அது அவற்றின் உடம்பிலிருந்து போவது. நாங்கள் மழை முடிந்து தை மாதத்தில் ஜோடி சேர்ப்போம். சேர்ந்த எட்டுப் பத்து நாளில் சாயங்காலமாக முதல் முட்டை, ஒரு நாள் விட்டு மறுநாள் மதியம் இரண்டாவது, அதிலிருந்து 17, 18 நாளில் பொரிக்கும். பகலில் ஆண் உட்காரும், சாயங்காலத்திலிருந்து காலை வரை பெட்டை. ஏழாம் நாள் பக்கம் குஞ்சின் காலில் நம்பர் ரிங் போட்டுவிட வேண்டும், விட்டால் பாதம் பெரிதாகி ஏறாது. 25 நாளுக்கு மேல் தானாகத் தின்னத் தொடங்கியதும் பிரித்துவிட்டு, முப்பது முப்பத்தைந்து நாளிலேயே கூண்டுக்கு வெளியே கம்பி வலைக்குள் உட்காரவைத்து ஊரைப் பார்க்க விடுவோம். உங்கள் குஞ்சுகளுக்கு அந்த நாட்கள் முழுக்கத் தார்ப்பாய்க்குள் போய்விட்டதே என்றுதான் எனக்கு வருத்தம்.

பேப்பர் விஷயம். 2020-ல் நியூ கிம் என்ற பெல்ஜியம் பெட்டை 16 லட்சம் யூரோவுக்கு ஏலம் போன பிறகு எல்லோர் வாயிலும் பெல்ஜியம்தான். பேப்பரில் எழுதியிருப்பது உண்மையாகவே இருந்தாலும் உங்கள் மாடியில் அந்த ஜோடி என்ன குஞ்சு கொடுக்கிறது என்பதுதான் கணக்கு. திரும்பி வந்த ஐந்தும் எந்தெந்த ஜோடியின் குஞ்சு என்று பாருங்கள். மூன்று ஒரே ஜோடியுடையதாக இருந்தால் அந்த ஜோடியைக் கலைக்காதீர்கள். அப்பா நாற்பது பக்க நோட்டு ஒன்றில் ரிங் நம்பர், தாய், தகப்பன், எங்கே விட்டது, எத்தனை மணிக்கு வந்தது, எச்சம் எப்படி இருந்தது எல்லாம் எழுதுவார். எங்களிடம் ஒரு நீலப் பட்டைப் பெட்டை, ஓங்கோலில் விட்டது, 11 நாள் கழித்து வந்தது. உடம்பு காகிதம் மாதிரி, ஆனால் கண் தெளிவு. எல்லோரும் அதை விற்றுவிடச் சொன்னார்கள். அப்பா ஜோடியில் போட்டார். நாலு வருடம் அதன் குஞ்சுகள்தான் எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தவை.

அதே அப்பா, நல்ல ரத்தம் கெடக்கூடாது என்று தகப்பன் புறாவையும் மகளையும் சேர்த்தார். முதல் ஈட்டில் ஒன்று அருமையாக வந்தது. அந்த ஆசையில் அதையும் திரும்ப உறவுக்குள்ளேயே சேர்த்தார், பிறகு முட்டைக்குள்ளேயே செத்த குஞ்சு, வளராத குஞ்சு என்று இரண்டு வருடம் வீணாகப் போனது. ஒரு தலைமுறை உறவுக்குள் போட்டால் அடுத்ததை வெளி ரத்தத்தோடு சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து அலட்சியம் செய்யாதீர்கள். கூண்டைக் கூட்டும்போது முகக்கவசம் போடுங்கள். அப்பாவுக்கு வருடக்கணக்காக வறட்டு இருமல், ஆஸ்துமா என்று நினைத்து மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைசியில்தான் புறா எச்சத் தூசியும் இறகுத் தூசியும் நுரையீரலில் ஒவ்வாமையாகி அந்த அளவுக்குப் போயிருப்பது தெரிந்தது. இப்போது கீழே நாற்காலியில் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பார், நான்தான் மேலே போய்க் கதவைத் திறக்கிறேன். எச்சத்தை ஈரம் தெளித்துவிட்டுக் கூட்டுங்கள், மகளை உள்ளே விடவேண்டாம்.

விக்கிரவாண்டி சாலை:

நான் புறா வளர்ப்பவன் இல்லை. தேடும்போது இந்தப் பதிவு வந்தது. எங்கள் மாட்டுக் கொட்டகையில் ஐந்தாறு நாளாக ஒரு புறா ஊர்ப்புறாக்களோடு சேர்ந்து தவிடு பொறுக்குகிறது, சாம்பல் நிறம், காலில் பச்சை ரிங். பறக்க முடியாத மாதிரி இல்லை, ஆனால் தூங்கி வழிகிறது. விரட்டிவிடலாமா, பிடித்து வைக்கவா? ரிங் நம்பரின் கடைசி மூன்று இலக்கம் 117.

மஞ்சக்குப்பம் மாடி:

ஐயா அது என்னுடையது!! 111-லிருந்து 124 வரை என் ரிங். விரட்டவேண்டாம், பிடித்து ஒரு அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு வையுங்கள், கம்பும் தண்ணீரும் போதும். தனிச்செய்தியில் நம்பர் அனுப்பியிருக்கிறேன், நாளைக்குக் காலை முதல் பஸ்ஸில் வருகிறேன்.

ஊசுட்டேரிக் கரை:

விக்கிரவாண்டி என்றதும் எழுதத் தோன்றியது. திண்டிவனத்திலிருந்து கடலூருக்குக் கோடு போட்டால் விக்கிரவாண்டி அதற்கு மேற்கே இருக்கிறது, முதுநகர் ஐயா சொன்ன காற்று அப்படியே பொருந்துகிறது.

நான் பறவை பார்ப்பவன், ஹோமரும் ஆறு வைத்திருக்கிறேன். உங்கள் கேள்வியில் என் கண் நின்ற இடம் தார்ப்பாய். புறா எப்படி வீடு திரும்புகிறது என்பதற்கு ஒரே விடை கிடையாது, அது பல வழிகளைச் சேர்த்துப் பயன்படுத்துகிறது. ஒன்று சூரியன். இன்னொன்று பூமியின் காந்தம்: 1971-ல் கீட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் பழகிய புறாக்களின் முதுகில் சின்னக் காந்தம் கட்டி விட்டார். வெயில் நாளில் அவை சரியாகத் திசை பிடித்தன, மூட்டமான நாளில் குழம்பின. அதாவது சூரியன் இருந்தால் அதை வைத்துப் போகின்றன, இல்லாதபோது காந்தத்தை நம்புகின்றன. குஞ்சுக்கு இந்த இரண்டையும் பொருத்திப் பார்க்கும் பழக்கமே வந்திருக்காது. மூன்றாவது வாசனை. 1972-ல் இத்தாலியின் பீசா நகரத்தில் பாப்பி என்பவரும் கூட இருந்தவர்களும் மோப்பத்தைத் தடுத்த புறாக்கள் தெரியாத இடத்திலிருந்து வீடு திரும்பத் திணறுவதைக் காட்டினார்கள். எந்தப் பக்கத்துக் காற்று என்ன வாசனை கொண்டுவருகிறது என்பதைப் புறா தன் கூண்டில் உட்கார்ந்தே கற்றுக்கொள்கிறது என்பது அவர்கள் கருத்து. காற்றை மறைத்து வளர்த்த புறாக்களைப் பற்றி ஜெர்மனியிலும் இத்தாலியிலும் சோதனை செய்திருக்கிறார்கள், அவை திசை தேடத் தடுமாறின.

கிழக்கே கடல்வாடை, மேற்கே வயல், தெற்கே கெடிலம் ஆறு, இதெல்லாம் உங்கள் குஞ்சுகளின் மூக்குக்குப் போகவேண்டிய இரண்டு மாதம் தார்ப்பாயிலேயே முடிந்துவிட்டது. திறந்துவிட்ட பிறகும் இரண்டு வாரம்தான் பறந்திருக்கின்றன. குஞ்சுகள் கூட்டமாகக் கிளம்பி அரை மணி, முக்கால் மணி நேரம் கண்ணுக்குத் தெரியாமல் போய்த் திரும்பி வரும் கட்டம் ஒன்று உண்டு, அதைப் பார்க்காமல் டாஸ் பேச்சே எடுக்கக்கூடாது. மழைக்கு மேற்கூரையை இரண்டடி நீட்டுங்கள், காற்று வரும் பக்கத்துக்குக் கீழே பாதி மட்டும் பலகை, மேலே வலை.

நெஞ்சில் காயத்தோடு வந்தது பைரி என்ற வேட்டைப் பறவையிடமிருந்து தப்பியதாக இருக்கலாம். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வந்து நம் கரையோரம், ஏரிப்பக்கம், உயரமான மின்கோபுரங்களில் உட்கார்ந்திருக்கும், பங்குனிக்குள் கிளம்பிவிடும். தனியாகத் திணறும் குஞ்சுதான் அதற்கு எளிது. சிலர் கண்ணி வைக்கிறேன் என்று கிளம்புவார்கள், பைரி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாதுகாக்கப்பட்ட பறவை, செய்யாதீர்கள். ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் தினமும் பறக்கவிடாமல் மாற்றிக்கொண்டே இருங்கள், அது போதும்.

முதுநகர் பழைய கூண்டு:

தம்பி, அந்தத் தார்ப்பாயை நான் படித்தும் கவனிக்காமல் விட்டுவிட்டேன். அவர் சொல்வது சரி.

கிடைத்த புறாவை மற்றதோடு உடனே விடாதீர்கள், ஊர்ப்புறாவோடு தின்று குடித்து வந்திருக்கிறது. வாயைத் திறந்து தொண்டை பாருங்கள், மஞ்சளாகக் கட்டி தெரிந்தால் அது குடிநீர் வழியாக எல்லாவற்றுக்கும் பரவும். கழுத்து திருகுகிறதா என்றும் பாருங்கள். எச்சம் உருண்டையாக, மேலே வெள்ளைத் தொப்பி போட்ட மாதிரி இருக்கவேண்டும். கடைக்காரர் சொன்னார் என்று மருந்து கலக்காதீர்கள். பாண்டி குரும்பாபேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பக்கம்தானே.

பந்தய ஆசை இருந்தால் ஒன்று சொல்கிறேன். நெல்லூரிலிருந்து பாண்டிக்கு நேர்கோட்டில் 280 கிலோமீட்டர் பக்கம், நமக்கு 300. முதலில் இறங்கியது ஜெயிப்பதில்லை, நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்பதுதான் கணக்கு. பாண்டிப் புறா 4 மணி 12 நிமிடத்தில் வந்தால் 1111 மீட்டர். நம் புறா 16 நிமிடம் பிந்தி 4 மணி 28-க்கு வந்தாலும் 1119, நாம்தான் மேலே. ஆனால் அது வந்து கூண்டுக்குள் நுழையாமல் தண்ணீர்த் தொட்டி மேல் மூன்று நிமிடம் உட்கார்ந்துவிட்டால் 1107, போச்சு. எனக்கு நடந்தது. கீழே நின்று தீனி டப்பாவைக் குலுக்கிக் குலுக்கிக் கை வலித்தது, அது பாட்டுக்கு இறகு கோதிக்கொண்டிருந்தது. காரணம் அன்று காலை வரை வயிறு முட்டப் போட்டுப் பழக்கியிருந்தேன். தினமும் பறந்து இறங்கிய பிறகுதான் தீனி, டப்பாச் சத்தத்தோடு, உள்ளே மட்டும். கம்பு, சோளம், கோதுமை, பட்டாணி, பச்சைப்பயறு கலந்து போடுங்கள். தேவனாம்பட்டினத்தில் கிளிஞ்சல் கிடைக்கும், கழுவிக் காயவைத்துப் பொடித்து, செங்கல் தூளும் கொஞ்சம் கல் உப்பும் சேர்த்து ஒரு கிண்ணத்தில் எப்போதும் இருக்கட்டும்.

மஞ்சக்குப்பம் மாடி:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். விக்கிரவாண்டி ஐயா பஸ் ஸ்டாண்டுக்கே பெட்டியோடு வந்து நின்றார், டீ கூட வாங்கிக்கொள்ளவில்லை. 117 தராசில் 310 கிராம் இருந்தது, தொண்டையில் நீங்கள் சொன்ன மஞ்சள் இருந்தது. தனிக்கூண்டில் வைத்து மருத்துவரிடம் காட்டி மருந்து கொடுத்தேன், இன்று 380 ஆகியிருக்கிறது.

நோட்டுப் போட்டுவிட்டேன். ஆறில் நாலு ஒரே ஜோடியின் குஞ்சு, நான் அழகில்லை என்று ஓரமாக வைத்திருந்த, இறக்கையில் கட்டம் போட்ட செக்கர் ஜோடி. தார்ப்பாயைக் கழற்றி வலை அடித்தாகிவிட்டது. ரிங் நம்பர்களை மகள்தான் எழுதுகிறாள், வராத எட்டுக்கும் பக்கம் விட்டு வைத்திருக்கிறாள். மற்ற ஐந்தும் நேற்று முதல் தடவையாக நாற்பது நிமிடம் கண்ணிலிருந்து மறைந்துவிட்டு வந்தன, அந்த நாற்பது நிமிடமும் நான் கைப்பிடிச் சுவரை விட்டு நகரவில்லை.

முதுநகர் ஐயா, மாசிக் கடைசியில் திரும்ப ரெட்டிச்சாவடியிலிருந்து தொடங்கலாமா? உங்கள் பெரிய புறாக்களோடு சேர்த்து விட்டால் வழி கற்றுக்கொள்ளுமா?

முதுநகர் பழைய கூண்டு:

சேர்த்து விட்டால் என் புறாக்கள் பின்னால் முதுநகருக்கு வந்து இறங்கும், அப்புறம் நீங்கள் பெட்டியோடு என் வீட்டுக்கு வரவேண்டும். என்னுடையதை முதலில் விட்டு, அது மறைந்து பத்து நிமிடம் கழித்து உங்களுடையதை விடுவோம். 117 இந்தத் தடவை வேண்டாம், ஓய்வில் இருக்கட்டும். மாசி கடைசி ஞாயிறு, வெயில் இருந்தால் மட்டும். ஆறரைக்குக் கூடையோடு பாலத்துக்கிட்ட நில்லுங்கள், நான் வண்டியில் வந்து ஏற்றிக்கொள்கிறேன். மகளையும் கூட்டிவாருங்கள், கூடைக் கதவை அவள் திறக்கட்டும்.